ஜோடி பார்க்காத கல்

கோழிக்கால் வாங்க வெட்கப்படாதீர்கள். மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, முப்பத்தோரு வருடம் அதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்லும் முதல் யோசனை இதுதான். பாளையம்பட்டியில் நான் வழக்கமாகப் போகும் கோழிக்கடையில் என் தலை தெரிந்ததும், "சார், காலு பாடத்துக்கா, சூப்புக்கா?" என்று கேட்பார்கள். பாடத்துக்கு என்றால் காசு வாங்க மாட்டார்கள். மறுநாள் வகுப்பில் அந்தக் காலை மேசைமேல் வைத்து, அதன் மஞ்சள் செதில்களை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். அதே செதிலை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால், வேலியில் ஓணானைத் துரத்திய கைகள் எல்லாம் உயரும். ஊர்வனவற்றிலிருந்து பறவைகள் வந்தன என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த ஞானம் முதல் வருடமே வந்துவிடவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், திருச்சுழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், "பல்லி போன்ற ஊர்வன காலப்போக்கில் பறவைகளாக மாறின" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்து, "அப்ப எங்க வீட்டுப் பல்லி எப்ப சார் பறக்கும்?" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவனை வெளியே நிற்க வைத்தேன். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. பறவையின் முன்னோர் பல்லி அல்ல. இரண்டு காலில் ஓடித்திரிந்த சின்ன டைனோசர்கள். பல்லி வேறு கிளையில் போய்விட்ட தூரத்துப் பங்காளி. பையன் என் தப்பைத்தான் சுட்டிக்காட்டினான், நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். உங்களை ஒரு கேள்வி கோபப்படுத்தினால், வீட்டுக்குப் போய் அந்தப் பாடத்தை மறுபடி படியுங்கள்.

அந்தப் பாடத்தின் நாயகன் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப்பறவை. காக்கை அளவுதான் இருந்தது. உடம்பில் இறகு, ஆனால் வாயில் பல். சிறகு உண்டு, சிறகின் நுனியில் மூன்று நகங்களும் உண்டு. வாலோ எலும்பு கோத்த நீண்ட வால். நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்னால், ஜெர்மனியில் பலகை பலகையாகப் பிளக்கும் சுண்ணாம்புக்கல்லில் முதலில் ஒற்றை இறகின் தடம் கிடைத்தது. பிறகு முழு எலும்புக்கூடுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் ஒன்றை, இறகுத் தடம் மங்கலாக இருந்ததால், சிறிய டைனோசர் என்றே வெகுகாலம் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் புல்லரிக்கும். தெரிந்தவர்களையே ஏமாற்றும் அளவுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்திருக்கின்றன என்றால், அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார்: "இத யாரு சார் பாத்தா?" என் கையில் இருந்தது புத்தகத்துப் படம் மட்டும்தான். செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்னைக்காரன் போய்ப் பார்ப்பதுபோல நம் பிள்ளைகள் ஜெர்மனியைப் பார்க்க முடியாது. கையில் எடுத்துக் கொடுக்க ஒரு கல், ஒரே ஒரு கல், இந்த மண்ணிலிருந்து கிடைக்காதா என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். நான் இப்போது சொல்லப்போகும் தப்பு அந்த ஏக்கத்திலிருந்து வந்தது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு, அருப்புக்கோட்டைக்கு அருகில் கடைசியாக நான் வேலை பார்த்த பள்ளியில் சுற்றுச்சுவர் கட்டினார்கள். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் லோடு லோடாகக் கல் வந்து இறங்கியது. பாதி கருங்கல், பாதி வெளிறிய சுண்ணாம்புக்கல். காலை வழிபாடு முடிந்து வகுப்புக்குப் போகிற வழியில், குவியலின் ஓரத்தில் கிடந்த ஒரு கல் என்னை நிறுத்தியது. உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளைக் கல்லின் மேல் கறுப்பாக, நடுவில் ஒரு தண்டும் இருபக்கமும் மெல்லிய கிளைகளுமாக ஓர் இறகு.

சுண்ணாம்புக்கல், ஒற்றை இறகு. இருபத்தைந்து வருடமாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்த காட்சி என் காலடியில் கிடந்தது. அந்தப் பாடத்தைக் கற்பிக்காத எவனும் அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருப்பான். நான்தான் குனிந்து எடுத்தேன்.

அன்று மதியமே மேல்நிலை வகுப்புகளை மரத்தடியில் உட்கார வைத்து, "இது இறகின் புதைபடிவமாக இருக்கலாம்" என்றேன். 'இருக்கலாம்' என்று சொன்னதை நானே பின்பு பலமுறை நினைத்துக் கொண்டேன். அந்தச் சொல்லை நான் சொன்ன விதத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது. தலைமை ஆசிரியர் கல்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். மாலைக்குள் மல்லாங்கிணற்றிலிருந்தும் பாலவனத்தத்திலிருந்தும் போன் வந்தது. இரண்டு நாள் கழித்து முதன்மைக் கல்வி அலுவலர் வேறு வேலையாக எங்கள் பக்கம் வருவதாக இருந்தது. அவர் வந்து பார்ப்பார், ஒரு பத்திரிகைக்காரரும் வருவார் என்று முடிவாயிற்று. கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சிவப்பு வெல்வெட் துணி விரித்து, நான் பேச வேண்டிய பேச்சையும் எழுதி வைத்துவிட்டேன்.

அலுவலர் வருவதற்கு முந்தின நாள், மதிய உணவு இடைவேளையில், ஆய்வக வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். சுவர் வேலை பார்க்கும் ஆட்களில் ஒருவர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையெல்லாம் கல்தூள். பதினோராம் வகுப்பில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் அம்மா என்று பிறகு தெரிந்தது. அவர் பெயரை எழுத மாட்டேன். "எம் பேர எங்கயும் போட்டுராதீக சார்" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"சார், ஒரு சேதி. கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்கம்மா."

"அந்தக் கல்லோட ஜோடி எங்க சார்?"

எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டி, பிறகு புத்தகத்தைத் திறப்பதுபோல விரித்தார். "ஒரு கல்லு பொளந்தா ரெண்டு மொகம் இருக்கும்ல. ஒன்ன மட்டும் வச்சிக்கிட்டு எப்பிடிச் சொல்றது? நாங்க குவாரியில ரெண்டையும் பக்கத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த அடி அடிப்போம். வெடிப்பு எங்கிட்டுப் போகுதுன்னு ஜோடியப் பாத்தாத்தான் தெரியும்."

நான் அந்த ஜோடியைத் தேடவே இல்லை. அப்படி ஒன்று இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான்.

"வாங்க சார், காட்டுறேன்" என்று குவியலுக்குக் கூட்டிப் போனார். நல்ல வெயில். ஒரு சுண்ணாம்புக்கல்லைத் தேர்ந்தெடுத்து, வாளித் தண்ணீரை மேலே ஊற்றினார். அடுப்புக்கல் மாதிரி சூடாகிக் கிடந்த கல் மளமளவென்று காய்ந்தது. ஒரே ஒரு கோடு மட்டும் காயாமல் ஈரமாக நின்றது. "அதான் வெடிப்பு" என்று சொல்லி அந்தக் கோட்டின் மேல் உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டே தட்டு. கல் இரண்டாகத் திறந்தது. இரண்டு முகத்திலும் கறுப்பு இறகு. வலது பக்கம் இருந்தது அப்படியே இடது பக்கத்திலும் அச்சாக இருந்தது.

இன்னொரு கல்லைத் திறந்தார். அதில் நாலு இறகு. மூன்றாவதில் இறகோடு செடி, கொடி எல்லாம் இருந்தன.

"வெடிப்புல தண்ணி எறங்குனா இப்பிடிக் கறை படரும் சார். வெடிப்பு இல்லாத எடத்துல ஒடச்சுப் பாருங்க, ஒன்னும் இருக்காது." அதையும் உடைத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

அந்தக் கறை பாறைத் தண்ணீரில் கரைந்து வரும் மாங்கனீசு உப்பு, விரிசலில் மரக்கிளை போலப் படிந்து நிற்கும் என்று கல்லூரியில் எப்போதோ படித்திருக்கிறேன். அது மட்டுமல்ல, எங்கள் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் பூமிக்கு அடியில் வெந்து உருமாறியது. பறவைகள் உலகத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முந்தியது. அதில் இறகு இருக்க வழியே இல்லை. கல்லூரியில் நிலவியல் படித்த ஒரு நண்பனுக்குப் போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பான். கல்லை உற்றுப் பார்த்திருந்தாலே போதும். இறகின் கிளைகள் நேராக ஓடி நின்றுவிடும். இதிலோ கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து குட்டிக் கிளை என்று படர்ந்து போயிருந்தது. கோழி இறகு எத்தனை பார்த்தவன் நான்! ஆசைப்பட்ட கண்ணுக்கு அது தெரியவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நன்றி அல்ல, கோபம். அடுத்து வந்தது பயம். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இவை: "நாளைக்கு ஆபீசர் வாராரு. இத இப்பைக்கு யாருட்டயும் சொல்லாதீங்கம்மா."

என் பணிக்காலத்தில் நான் சொன்ன வார்த்தைகளில் மிகவும் வெட்கப்படுவது இதற்குத்தான். கல்லைத் தப்பாகப் படித்தது ஏக்கத்தில் செய்த பிழை. இதைத் தெரிந்தே செய்தேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா கல்லு சொல்லுமே. உங்க பள்ளிக்கூடத்துச் செவரு பூரா இந்தக் கல்லுதான இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். பாதி எழும்பிய சுவர். பிள்ளைகள் நாளைக்கு அதன்மேல் ஏறுவார்கள், உட்காருவார்கள், ஆணியால் கீறுவார்கள். ஒவ்வொரு கல்லாக இறகுகள் வெளியே வரும். ஒற்றை இறகு பொய் என்று தெரிகிற அன்று, ஆர்க்கியாப்டெரிக்ஸின் பல்லும் நகமும் எலும்பு வாலும் சேர்ந்தே பொய்யாகிவிடும். "இத யாரு சார் பாத்தா?" என்று கேட்ட பிள்ளைகளிடம் அதற்குப் பிறகு நான் எந்த உண்மையைச் சொன்னாலும் நிற்காது.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "ராத்திரி எம் மகட்டச் சொன்னேன் சார், அது கறைன்னு. சண்டைக்கு வந்துட்டா. 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஒனக்கு என்னம்மா தெரியும்'ங்கிறா. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னாத்தான் உண்டு." குரலில் குறை இல்லை. நடப்பைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், பாவம், முகம் வெளுத்துவிட்டது. "சார், நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்களேன். அவுக வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பையச் சொல்லிக்கிருவோம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. தப்பு செய்தவனுக்கு அவகாசம் கொடுக்கிற யோசனை எல்லாமே அப்படித்தான் இருக்கும். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "நாளைக்கு முன்வரிசையில அந்தப் பொண்ணு உக்காந்திருப்பா சார். அவ அம்மா வெளியில கல்லு ஒடச்சுக்கிட்டு இருப்பாக. நான் என்னன்னு பேச?" அவர் "ஒங்க இஷ்டம் சார்" என்றார்.

மறுநாள் அலுவலர் வந்தார். மரத்தடியில் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று, எழுதி வைத்த பேச்சைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு, "இது இறகு அல்ல. நான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று தொடங்கினேன். "இது தவறு என்று கண்டுபிடித்தவர் உங்களுக்குக் காட்டுவார்" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று கையை ஆட்டினார். கூட வேலை செய்தவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றினார், கோடு காயும்வரை காத்திருந்தார், இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டு முகத்தையும் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்தார். முன்வரிசையில் அவர் மகள் வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்திரிகைக்காரர் டீ வருமுன்னே கிளம்பிவிட்டார். அலுவலர் அந்த ஜோடிக் கற்களைக் கையில் எடுத்து மூடி, திறந்து, மூடிப் பார்த்தார். என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "வெல்வெட் துணிய எடுத்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

கதை இதோடு முடிந்தால் எனக்கு ஒரு அவமானமும் ஒரு படிப்பினையும் மிச்சம், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் சைக்கிளை எடுக்கப் போன என்னை அந்த அம்மா மறித்தார்.

"சார், ஒன்னு கேக்கணும். மக சொன்னா, வெளிநாட்டுல ஒரு கல்லுல மெய்யாவே இறகு இருக்காம்ல. அது கறை இல்லன்னு எப்பிடிக் கண்டுக்கிட்டாக? யாரும் ஒட்ட வச்சிருக்க மாட்டாகளா?"

கால் நூற்றாண்டு அந்தப் பாடத்தை நடத்தியவன், அந்தக் கேள்வியை ஒருநாளும் எனக்கு நானே கேட்டுக்கொண்டதில்லை. "தெரியலம்மா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். 'தவறு' என்று சொல்ல அன்றைக்குக் காலையிலேயே பழகியிருந்ததால் 'தெரியாது' என்பதும் எளிதாக வந்தது.

ஒரு வாரம் படித்தேன். அவர் கேட்டதையே பெரிய படிப்பாளிகளும் கேட்டிருக்கிறார்கள். ஊர்வன ஒன்றின் எலும்புக்கூட்டைச் சுற்றி, கல்தூளைக் குழைத்துப் பூசி, கோழி இறகை அழுத்தித் தடம் எடுத்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டே எழுந்திருக்கிறது. அந்தக் கல்லை வைத்திருந்த அருங்காட்சியகத்தார் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. பிளந்த கல்லின் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தலைமுடி போன்ற விரிசல்கள் இறகின் ஊடாக ஓடி, இந்தப் பாதியில் இருப்பது அந்தப் பாதியிலும் அப்படியே இருந்தது. அது மட்டுமா? இறகு இருந்த இடத்தில், மரக்கிளை போன்ற பொடிப்பொடிக் கறுப்புக் கறைகள் இரண்டு பாதியிலும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தின. நடுவில் யாராவது எதையாவது பூசியிருந்தால் அது பொருந்தியிருக்காது. என்னை ஏமாற்றிய அதே கறை, அங்கே இறகுக்குச் சாட்சி சொல்லியிருந்தது.

அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஓடிப்போய்ச் சுவரருகே நின்று, மூச்சிரைக்க அவரிடம் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"அதான சார். ஜோடி பாத்துருக்காக" என்றார்.

"உங்க மகட்ட இத நீங்களே சொல்லுங்க. நான் வகுப்புல சொல்லப்போறதில்ல" என்றேன். "நானா?" என்று சிரித்தார். இரண்டு மூன்று தரம் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார். விரிசல், கறை, இரண்டு பாதி. வரிசை தப்பாமல் திருப்பியும் சொல்லிக் காட்டினார்.

மறுநாள் பாடம் தொடங்குவதற்கு முன்பே அந்த மாணவி எழுந்து நின்றாள். ஆர்க்கியாப்டெரிக்ஸ் உண்மையானதுதான் என்பதற்கு அத்தாட்சி தனக்குத் தெரியும், சொல்லட்டுமா என்றாள். சொல்லச் சொன்னேன். நான் சொல்லியிருந்தால் கூட அவ்வளவு தெளிவாக வந்திருக்காது. உள்ளங்கைகளைச் சேர்த்து, புத்தகம்போல விரித்து, அவள் அம்மா எனக்குக் காட்டிய மாதிரியே காட்டினாள். வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "இத யாரு சொன்னா?"

"எங்கம்மா."

"அது சரியான்னு சார்ட்ட கேளு."

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.